பொருந்தாத தகடு: ஏவியானிக்ஸ் மாற்றத்தில் அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

ஏவியானிக்ஸ் மாற்றத்தில், அதாவது விமானத்தின் ரேடியோ, திரை போன்ற மின்னணுக் கருவிகளை மாற்றும் வேலையில், தகட்டு வேலை என்பது பட்டியலில் பார்த்தால் சொற்பம்தான். ஒரு கருவிப் பலகை, ரேடியோ டிரேயை (ரேடியோப் பெட்டி நுழைந்து பூட்டும் தகட்டுக் கூடு) தாங்க நாலு கோணத் தகடுகள், ஆன்டெனாவுக்கு அடியில் ஒரு டபிளர் (உடல் தகட்டைப் பலப்படுத்தும் கூடுதல் தகடு), பின்பக்கம் பெட்டி ஒன்றை மாட்ட ஓர் அலமாரி. வயரிங் வரைபடங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆனால் நாளை முடியும் என்று சொன்ன வேலை அடுத்த வாரத்துக்குப் போகிறதென்றால், முதலில் இந்தத் தகடுகளைத்தான் சந்தேகிப்பேன்.

பாகம் உட்காரவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று. விமானம் வரைபடத்தில் உள்ளபடி இல்லை. அல்லது பாகம் வரைபடத்தில் உள்ளபடி இல்லை. அல்லது இரண்டும் சரி, நாம் அளக்கத் தொடங்கிய இடம் தவறு. இதில் எது என்று தெரிவதற்கு முன் அரத்தைக் கையில் எடுப்பவர் பாகத்தைக் கெடுப்பார். டிரில்லை எடுப்பவர் விமானத்தைக் கெடுப்பார். பாகத்தை மறுபடி செய்துகொள்ளலாம். விமானத்தில் போட்ட துளையை எடுக்க முடியாது.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. எந்தத் திருகும் கிளாம்பும் இல்லாமல், விரல் அழுத்தத்திலேயே பாகம் தன் இடத்தில் படிய வேண்டும். திருகை முடுக்கினால் இடைவெளி மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான். மூடிய இடைவெளி தகட்டுக்குள் இழுவிசையாகத் தங்கிவிடும். அதன்மேல் எஞ்சின் அதிர்வு நாள்தோறும் ஏறும். விரிசல் வளைவிலோ கடைசித் துளையிலோ தலைகாட்டும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் அற்பமான சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். பாதுகாப்புப் பிளாஸ்டிக் படலம் இன்னும் ஒட்டியிருக்கிறதா? இடப்பக்கப் பாகத்தை வலப்பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோமா? விளிம்பில் பிசிறு இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போடும் இடத்தில் படலமும் பிசிறும் பெரிய பொருள்கள்.

கீழே வரும் திருத்தங்கள் எல்லாம், நீங்கள் பின்பற்றும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் விமானத்தின் கட்டமைப்புப் பழுதுபார்ப்புக் கையேடும் அனுமதிக்கும் எல்லைக்குள்தான். அந்த எல்லையைத் தாண்டினால் வரைபடத்துக்குச் சொந்தக்காரரான வடிவமைப்பாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

ஒரு முனை ஒட்டுகிறது, மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கிறது

கோணத் தகட்டை ஏற்கெனவே இருக்கும் சேனலுக்குள் (ப வடிவத்தில் மடித்த தகடு) வைக்கிறீர்கள். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புகிறது. உடனே தகடு முறுகியிருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை.

பாகத்தின் அடிவிளிம்பில் மார்க்கர் மையைத் தடவி, இடத்தில் வைத்து, இலேசாக முன்னும் பின்னும் அசைத்து எடுத்துப் பாருங்கள். மை உரசிப் போய் விளிம்பு நெடுக ஒரு பளபளப்பான கோடு தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. புதுத் தகட்டின் கூர்மையான விளிம்பு, பழைய சேனலின் உள்வளைவின் மேல் ஏறி நிற்கிறது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் செங்கோணத்தில் சந்திக்கும். உண்மையான சேனலில் அந்த மூலையில் 3 மி.மீ. ஆரமுள்ள ஒரு வளைவு இருக்கிறது. சதுர விளிம்பு அந்த வளைவுக்குள் இறங்காது.

இதற்கு மூன்று வழிகள். விளிம்பை வளைவு முடியும் கோடு வரை பின்னுக்கு வெட்டலாம். ஆனால் வெட்டிய பிறகு ரிவெட் (தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ஆணி) துளையிலிருந்து விளிம்புவரை போதிய தூரம் மிஞ்சுகிறதா என்று அளந்துவிட்டே வெட்ட வேண்டும். அல்லது விளிம்பின் அடிப்பக்கத்தை மட்டும் வளைவுக்கு ஏற்றாற்போல் அரத்தால் உருட்டலாம். தடித்த தகட்டில் இது நன்றாக வரும், 0.8 மி.மீ. தகட்டில் உருட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? மூன்றாவது, அடியில் ஒரு ஷிம் தகடு வைத்துப் பாகத்தையே வளைவுக்கு மேலே தூக்கிவிடுவது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஷிம் சேர்த்தால் ரிவெட்டின் நீளம் மாறும், எடை கூடும், அடுத்து வருபவர் அதைக் கழற்றித் தொலைப்பார். விளிம்புத் தூரம் இடம் கொடுக்காவிட்டால் மட்டும் ஷிம்.

மைக்கோடு விளிம்பில் இல்லாமல் நடுவில் ஒரு புள்ளியாக விழுந்தால், அடியில் பழைய ரிவெட்டின் தலை, காய்ந்த சீலன்ட் கட்டி, திட்டாகத் தேங்கிய பெயின்ட் இவற்றில் ஒன்று இருக்கிறது. மை வேறெங்குமே உரசாமல் நான்கு மூலைகளில் எதிரெதிர் மூலைகள் மட்டும் தொட்டால், அப்போதுதான் முறுக்கு. அதைச் சமதளமான மேசையில் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) உறுதி செய்யுங்கள். மேசையிலும் ஆடினால் பாகம் குற்றவாளி. மேசையில் படிந்து விமானத்தில் ஆடினால் விமானம் குற்றவாளி. ஷிம் அந்த நிலையில் நியாயமான திருத்தம்.

துளைகள் ஒன்றுக்கொன்று நேராக விழவில்லை

எவ்வளவு விலகுகிறது என்பதைவிட எப்படி விலகுகிறது என்பதுதான் முக்கியம்.

எல்லாத் துளைகளும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால் அளக்கத் தொடங்கிய இடம் பிழை. வரைபடம் ஒரு ஸ்டேஷன் கோட்டிலிருந்து (விமானத்தில் இடங்களைக் குறிக்கும் ஆதாரக் கோடு) அளவு கொடுத்திருக்கும். நாம் பக்கத்து மடிப்பின் வெளிமுகத்திலிருந்து அளந்திருப்போம். தகட்டின் தடிமன் அளவுக்கே விலகல் இருந்தால், உள்முகத்தையும் வெளிமுகத்தையும் மாற்றிக்கொண்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

முதல் துளை சரியாக விழுந்து, போகப்போக விலகல் கூடிக்கொண்டே போனால் இடைவெளிக் கணக்கில் பிழை. அங்குல வரைபடத்தை மில்லிமீட்டருக்கு மாற்றியவர் 25.4-ஐ 25 ஆக்கியிருப்பார். ஓர் அங்குல இடைவெளி ஒவ்வொன்றுக்கும் 0.4 மி.மீ. குறைந்து, பத்தாவது இடைவெளி முடியும்போது 4 மி.மீ. ஓடியிருக்கும். ஒவ்வொரு துளையையும் முந்தைய துளையிலிருந்து அளந்தாலும் இதே கதிதான். வரிசையின் தொடக்கத்திலிருந்து மொத்தத் தூரமாக அளந்து குறியுங்கள்.

விலகல் எந்த ஒழுங்கிலும் அடங்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால், பழைய துளைகளைக் கையால் போட்டிருக்கிறார்கள். சிறிய விமானங்களில் இது சர்வசாதாரணம். ஒரே வகையில் அடுத்தடுத்து வந்த இரண்டு விமானங்களின் துளைகள்கூட ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. இங்கே வரைபடத்தோடு வாதாடிப் பயனில்லை. பாகத்தைத் துளையில்லாமல் வாங்கி, விமானத்திலிருந்தே துளைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். பின்பக்கம் கை எட்டினால் பழைய துளை வழியாகவே துளையிடலாம். எட்டாத இடத்துக்குத் துளை எடுக்கும் பட்டை இருக்கிறது: இரண்டு மெல்லிய எஃகுப் பட்டைகள், அடிப்பட்டையில் ஒரு முள், மேல்பட்டையில் அதற்கு நேராக டிரில் வழிகாட்டி. முள் பழைய துளையில் இறங்கினால் வழிகாட்டி சரியான இடத்தைக் காட்டும். பட்டை வளைந்திருந்தால் அது காட்டுவதும் வளைந்தே இருக்கும். பயன்படுத்தும் முன் ஒரு கழிவுத் தகட்டில் சோதித்துவிடுங்கள்.

முதலில் எண் 40 டிரில், அதாவது சுமார் 2.5 மி.மீ. இரு முனைகளிலும் ஒவ்வொரு துளை, வெள்ளி நிறக் கிளிகோ (துளையில் இறக்கித் தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் ஸ்பிரிங் பிடி). பிறகு நடுவில் ஒன்று. பிறகு மீதி. எல்லாம் நேராக விழுந்த பின்பே 1/8 அங்குல ரிவெட்டுக்கு எண் 30 டிரில்லுக்கும் செம்பு நிறக் கிளிகோவுக்கும் போக வேண்டும். ஒரே முனையிலிருந்து வரிசையாகத் துளையிட்டுக்கொண்டு போனால் தகடு முன்னால் நகர்ந்துகொண்டே வந்து கடைசித் துளையில் வீங்கி நிற்கும்.

குறியிடக் கரிப் பென்சில் வேண்டாம். கிராஃபைட் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். கீறுமுள் அதைவிட மோசம். வெட்டி எறியப்போகும் கோட்டைத் தவிர வேறெங்கும் அதை வைக்கக் கூடாது.

ரிவெட் துளை நீண்டுவிட்டது அல்லது 8 போல ஆகிவிட்டது

அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போகலாம் என்பது முதலில் வரும் யோசனை. துளை முழு வட்டமாகச் சுத்தமாகுமென்றால் போகலாம்; ஆனால் முதலில் விளிம்பைப் பாருங்கள். துளையின் நடுவிலிருந்து விளிம்புவரை குறைந்தது ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். சமதளத் தலை ரிவெட்டுக்கு இரண்டரை மடங்கு. 1/8 அங்குல ரிவெட்டுக்கு 6.4 மி.மீ. போதும். 5/32-க்குப் போனால் கிட்டத்தட்ட 8 மி.மீ. தேவை. எடை குறைக்கிறேன் என்று விளிம்பைக் கணக்காக 6.4-இல் வெட்டியவருக்கு இப்போது வழி அடைத்துவிட்டது. அதனால்தான் பாகத்தை வரையும்போதே ஒன்றரை மி.மீ. கூடுதலாக விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

தலை அதே அளவாகவும் தண்டு மட்டும் சற்றுத் தடித்ததாகவும் வரும் பழுதுபார்ப்பு ரிவெட்டுகள் உண்டு. கையேடு அனுமதித்தால் அவை நல்ல வழி. 8 போன்ற துளையில் ரிவெட் வீங்கி நிரப்பிவிடும் என்று அடித்துவிடுவது மட்டும் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் நிரம்பியதாகத்தான் தெரியும். உள்ளே பாதித் தண்டு எதையும் தொடாமல் நிற்கும்.

சேனலின் அகலம் வரைபடத்தைவிடக் கூடிவிட்டது

வெட்டிய தட்டைத் தகடு சரியாக இருந்தும் வளைத்த பிறகு அளவு தவறினால், கணக்கில் வைத்த வளைவு ஆரமும் இயந்திரத்தில் இருந்த அச்சின் ஆரமும் வேறு வேறு. இதை எண்ணில் பார்த்தால் நம்பிக்கை வரும். 0.040 அங்குலத் தகடு, 90 டிகிரி வளைவு, 1/8 அங்குல ஆரம் என்று வைத்துக்கொள்வோம். வளைவு நீளத்துக்கு வழக்கமான சூத்திரம்: ஆரத்தை 0.01743-ஆல் பெருக்கி, தடிமனை 0.0078-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, கோணத்தால் பெருக்க வேண்டும். விடை 0.224 அங்குலம். இரு பக்கத்துக்கும் சேர்த்துப் பின்வாங்கும் அளவு (ஆரமும் தடிமனும் கூட்டியதன் இரு மடங்கு) 0.330. வித்தியாசமான 0.106 அங்குலத்தைத்தான் தட்டைத் தகட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் கழித்திருப்பீர்கள்.

இயந்திரத்தில் 5/32 அச்சு மாட்டியிருந்தால் கழிக்க வேண்டியது 0.119. வளைவு ஒன்றுக்கு 0.013 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.34 மி.மீ. கூடுதல். சேனலில் இரண்டு வளைவுகள் இருப்பதால் மொத்தத்தில் 0.7 மி.மீ. வரும். டிரே தளர்வாக ஆடுவதற்கு இதுவே தாராளம்.

அச்சு சரியாக இருந்தும் கோணம் விரிந்திருந்தால், அது தகடு திரும்பி விரியும் குணம். 2024-டி3 என்ற அலுமினியக் கலவை நன்றாகவே விரியும். 5052 என்ற கலவை அவ்வளவு இல்லை. அதே சுருளிலிருந்து வெட்டிய ஒரு துண்டை முதலில் வளைத்து, எவ்வளவு கூடுதலாக மடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளைத்து முடித்த 2024 மடிப்பைக் கையால் விரித்தும் மடக்கியும் சரிக்கட்டுவது விரிசலுக்கு விதை போடுவது.

வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழைக் கோடு

பூதக்கண்ணாடியில் விரிசல் என்று உறுதியானால் அந்தப் பாகம் குப்பைக்கு. ஓடும் விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தும் முறை, பறந்துகொண்டிருக்கும் பழைய பாகத்துக்கு, அதுவும் கையேடு சொன்னால். புதுப் பாகத்துக்கு இல்லை.

காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று அகப்படும். ஆரம் போதவில்லை: 0.8 முதல் 1.6 மி.மீ. வரையிலான 2024-டி3 தகட்டுக்குத் தடிமனைப்போல் சுமார் 3 முதல் 5 மடங்கு ஆரம் வேண்டும். வளைவுக் கோடு தகடு உருட்டப்பட்ட திசைக்கு இணையாக ஓடுகிறது: முடிந்தவரை குறுக்காக வைக்க வேண்டும். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் விடுதுளை இல்லை: 0.064 அங்குலம் வரையிலான அலுமினியத் தகட்டில் இதற்குக் குறைந்தது 1/8 அங்குல விட்டம் வழக்கம். நான்காவது, லேசரில் வெட்டிய விளிம்பு. 2024 போன்ற கலவைகளில் லேசரின் சூடு விளிம்பில் நுண்விரிசல்களை விட்டுச்செல்லும். வளைக்கும்போது அவை வாய் திறக்கும். நீர்த்தாரையில் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. லேசர்தான் வேண்டுமென்றால் விளிம்பை அரைத்துச் சுத்தமாக்கிவிட்டு வளையுங்கள்.

ரேடியோ டிரேக்குள் சிக்குகிறது, அல்லது பறக்கும்போது மட்டும் அணைந்து எரிகிறது

இவை இரண்டு புகார்கள் என்று தோன்றும். எனக்கு இவை ஒரே குடும்பம்.

சிறிய விமானங்களின் ரேடியோ அடுக்கு 6.25 அங்குல அகலம், கிட்டத்தட்ட 159 மி.மீ. டிரே மெல்லிய அலுமினியம். அதன் பலமெல்லாம் அதைப் பிடித்திருக்கும் இரு பக்கக் கோணங்களில்தான். கோணத்துக்கும் டிரேயின் சுவருக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்போது திருகை முடுக்கினால், கோணம் நகராது. டிரேயின் சுவர்தான் வெளிப்பக்கம் பிதுங்கும். சுவர் பிதுங்கினால் மேல்தகடும் அடித்தகடும் உள்ளே குழியும். பெட்டி சிக்குவது அங்கே.

கனெக்டர் தகட்டைக் கழற்றிவிட்டு வெறும் டிரேயில் பெட்டியைத் தள்ளிப் பாருங்கள். இப்போதும் சிக்கினால் டிரே கோணலாகிவிட்டது. எல்லாத் திருகுகளையும் அரைச்சுற்று தளர்த்துங்கள். பெட்டி வழுக்கிக்கொண்டு போனால், ஒவ்வொன்றாக முடுக்கி எந்தத் திருகில் மறுபடி பிடிக்கிறது என்று பாருங்கள். அந்தத் திருகுக்குப் பின்னால்தான் இடைவெளி. அங்கே சரியான தடிமனில் ஒரு வாஷரோ ஷிம்மோ வைத்தால் முடிந்தது. டிரேயின் வாயில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது இன்னொரு சோதனை. அவை சமமாக இல்லையென்றால் செவ்வகம் சாய்ந்து நிற்கிறது, கோணங்களில் ஒன்று மேலோ கீழோ ஏறியிருக்கிறது.

பெட்டி கடைசி வரை போகிறது, தரையில் எல்லாம் வேலை செய்கிறது, பறக்கும்போது மட்டும் அணைந்து எரிகிறது என்றால், டிரே பலகைக்கு மிகவும் பின்னால் உட்கார்ந்திருக்கலாம். பெட்டியின் முகப்பு பலகையில் முட்டிவிடுகிறது. பூட்டும் திருகு இறுகிவிட்டது போல் கைக்குத் தெரிகிறது. பின்னால் கனெக்டரின் ஊசிகள் முழு ஆழத்துக்குப் போகவில்லை. பழைய பலகையின் மேல் புதிதாக ஓர் அலங்காரத் தகடு சேர்த்த விமானங்களில் இதை முதலில் சந்தேகியுங்கள். அந்தத் தகட்டின் 1.6 மி.மீ. தடிமன் கனெக்டரின் பிடிப்பிலிருந்துதான் கழிகிறது.

சோதனை எளிது. டிரேயைப் பிடிக்கும் திருகுகளைத் தளர்த்தி, டிரேயை ஒரு மில்லிமீட்டர் முன்னால் இழுத்து, பெட்டியை மறுபடி பூட்டுங்கள். பூட்டுத் திருகு முன்பைவிடக் கூடுதலாகச் சுற்றினால் நோய் அதுவே. டிரேயின் முன்விளிம்பு பலகையின் முடிந்த முகத்தோடு எந்த நிலையில் நிற்க வேண்டும் என்று ஒவ்வோர் உற்பத்தியாளரும் நிறுவல் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அலங்காரத் தகட்டையும் பெயின்ட்டையும் சேர்த்த முகத்திலிருந்து அளக்க வேண்டும், வெறும் பலகையிலிருந்து இல்லை. பூட்டுத் திருகைப் பலத்தைக் காட்டி முடுக்கித் தீர்வு காண முயன்றால் பூட்டு உடையும். அது அலுமினியத் தகட்டைவிட மிகவும் விலை கூடியது.

டிரேயின் பின்முனைக்குத் தனித் தாங்கல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நீளமான பெட்டி முன்பக்கத் திருகுகளை மட்டும் நம்பித் தொங்கினால், ஒவ்வோர் அதிர்விலும் வால் ஆடும். கனெக்டர் ஊசிகள் மெல்லத் தேயும். பலகையின் துளைகளில் விரிசல் வரும்.

தலை பதியும் திருகுகள் மேலே துருத்துகின்றன

டிரேக்குள் துருத்தும் திருகுத் தலையும் பெட்டியைச் சிக்க வைக்கும், பக்கத்தில் கீறல் போடும். திருகைக் கையில் எடுத்து அதன் தலைக் கோணத்தைப் பாருங்கள். விமானத் தரத் திருகு 100 டிகிரி. அங்குலத் திருகுகளில் கடைச்சரக்கு 82 டிகிரி, மெட்ரிக் என்றால் 90. 82 டிகிரித் தலை 100 டிகிரிக் குழியில் முழு முகமாகப் படியாது; ஒரு வளையத்தில் மட்டும் தொட்டு நிற்கும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதுதான் இதன் விஷமம்.

திருகு சரியாக இருந்தால் குழியைப் பாருங்கள். தலையின் ஆழத்தைவிடத் தகடு மெல்லியதாக இருந்தால் குழி வெட்டக் கூடாது. துளை கத்திமுனையாகிப் பெரிதாகிவிடும். அங்கே தகட்டையே அச்சில் அழுத்திக் குழிக்க வேண்டும், அடியில் வரும் பாகமும் அதே குழியை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆன்டெனா அடியில் இடைவெளி, அல்லது சுற்றிலும் தகடு டப்பென்று தட்டுகிறது

உடல் தகடு வளைந்தது, ஆன்டெனாவின் அடி தட்டை. திருகால் இழுத்து ஒட்ட வைத்தால் ஆன்டெனாவின் அடிப்பாகம் விரிசல் விடும். அந்த வளைவுக்கு ஏற்ற கேஸ்கெட்டோ சேணத் தகடோ தேவை.

விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போய் வெளியே தட்டுகிறதென்றால், டபிளரைத் தகட்டின் வளைவுக்கு உருட்டாமல் தட்டையாகவே ரிவெட் அடித்திருக்கிறார்கள், அல்லது ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே போய்த் தகட்டை நீட்டிவிட்டார்கள். நடுவில் தொடங்கி வெளியே, எதிரெதிராக அடிக்க வேண்டும். ரிவெட்டின் பின்தலையையும் அளந்து பாருங்கள்: அகலம் விட்டத்தின் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 1/8 அங்குல ரிவெட்டுக்கு 4.8 மி.மீ., 1.6 மி.மீ. அதைவிடத் தட்டையாக நசுங்கியிருந்தால் துளையும் சுற்றியுள்ள தகடும் சேர்ந்து வீங்கியிருக்கும்.

உள்ளே காற்றழுத்தமூட்டப்பட்ட விமானமென்றால் இங்கே சொந்த யோசனைக்கே இடமில்லை. ஒவ்வொரு துளையும் களைப்பு விரிசலின் (மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமையால் வருவது) கணக்கில் வரும்.

காலையில் பொருந்தியது, மதியம் பொருந்தவில்லை

அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் 0.023 மி.மீ. நீளும். 25 டிகிரி ஏறினால் 0.6 மி.மீ. கார்பன் இழை உடலில் அலுமினியப் பலகையை மாட்டும்போது இந்த வித்தியாசம் முழுவதும் துளைகளில் தெரியும், ஏனென்றால் கார்பன் இழை ஏறத்தாழ அசைவதில்லை. ஒரு முனையை உறுதியாகப் பிடித்து, மற்ற நட்பிளேட்டுகளை (தகட்டில் பதித்த நட்டுகள்) மிதக்கும் வகையாக வையுங்கள். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொடாமல் இடையே கண்ணாடி இழையோ சீலன்ட்டோ இருக்கட்டும்; தொட்டால் அரிப்பது அலுமினியம்தான்.

பெயின்ட் அடித்த பிறகு பொருந்தவில்லை

பவுடர் கோட்டிங் ஒரு முகத்துக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஏறும். துளையில் அது இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டத்தைக் குறைக்கும். துளைகளை மூடி வைத்து அடிக்கச் சொல்லுங்கள். கட்டமைப்புப் பாகத்தைச் சூளைக்கு அனுப்பும் முன், அந்தச் சூடு தகட்டின் பதத்தைக் கெடுக்காது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஹெட்போனில் இரைச்சல், திரையில் தடுமாற்றம்

வயரிங்கைக் கிழித்துப் போடும் முன் அலமாரிக்கும் விமான உடலுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது. நான்கு முனை மில்லி ஓம் மீட்டர் வேண்டும். வழக்கமாகக் கேட்கப்படும் எல்லை 2.5 அல்லது 3 மில்லி ஓம். அதைவிட மிக அதிகமாக வந்தால், தொடும் முகங்களில் பிரைமர் இருக்கிறது. அழகாகப் பெயின்ட் அடித்து, அழகாகப் பொருத்தி, மின்சாரத்துக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டோம்.

தொடும் முகத்தில் மட்டும் பிரைமரை எடுத்து, மின்கடத்தும் வகை அலோடைன் (அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கும் ரசாயனப் பூச்சு) பூசுங்கள். அதைக் காயவிடாமல் முடுக்குவதும் தவறு. அந்தப் பூச்சின் காயும் நேரம் அதன் தரவுத் தாளில் இருக்கிறது, அதன்படி நடங்கள். பூட்டிய பிறகு விளிம்பைச் சுற்றி மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

எல்லாம் பொருந்தியது, ஆனால் கட்டுப்பாட்டுச் சக்கரம் எங்கோ உரசுகிறது

பறப்பதற்கு முன் கண்டுபிடித்தே தீர வேண்டிய கோளாறு இது. பலகையைப் போட்டு, ரேடியோக்கள் எல்லாவற்றையும் மாட்டி, வயர்க் கட்டுகளையும் கட்டிய பிறகு, சக்கரத்தை முழுதும் இழுத்து, முழுதும் தள்ளி, ஒவ்வொரு நிலையிலும் இடமும் வலமும் முழுதும் சுற்ற வேண்டும். ஒருவர் சுற்ற, இன்னொருவர் பலகைக்கு அடியில் விளக்கோடு படுத்துப் பார்க்க வேண்டும். டிரேயின் பின்மூலை, கனெக்டரின் பின்மூடி, தொங்கும் வயர் இவைதான் வழக்கமான இடையூறுகள். அதிர்வுத் தாங்கிகளில் நிற்கும் பலகையென்றால் அது அசையும் தூரத்தையும் சேர்த்தே இடைவெளி பார்க்க வேண்டும். துளையிட்ட அலுமினியச் சுருள்களை வெற்றிட உறிஞ்சியால் எடுத்துவிட்டுத்தான் பேட்டரியை இணைக்க வேண்டும். ஊதித் தள்ளினால் அவை கனெக்டர்களுக்குள்தான் போகும்.

காந்தத் திசைகாட்டி விலகுகிறது

திசைகாட்டிக்கு அருகில் புதிதாகப் போன ஒவ்வொரு திருகையும் நட்பிளேட்டையும், திசைகாட்டியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ச் சிறு காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். ஒட்டுவது எஃகு, அதை எடுத்துவிட்டுப் பித்தளையோ காந்தமில்லா வகையோ போடுங்கள். கருவிகளுக்குப் பித்தளைத் திருகுகள் வருவது இதற்காகத்தான். பிறகும் விலகினால் உபகரணங்களை ஒவ்வொன்றாக இயக்கி எது ஊசியை நகர்த்துகிறது என்று பார்க்க வேண்டும். திருத்திய பின், எஞ்சினும் ரேடியோக்களும் இயங்கும் நிலையில் திசைகாட்டியை அளவுதிருத்தம் செய்து, 30 டிகிரிக்கு ஒரு முறையாவது விலகலைக் குறித்த புது அட்டையை மாட்டுங்கள். எந்தத் திசையிலும் விலகல் 10 டிகிரியைத் தாண்டினால் அட்டை எழுதி ஒப்பேற்ற முடியாது. எஃகு இன்னும் எங்கோ இருக்கிறது.